சிங்கிள் டங்கிங்கை வேகமாக்குவதா, டபுளுக்கு மாறுவதா?

பித்தளை ஊதுகருவிகளில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் தட்டித் தொடங்குவதற்கு டங்கிங் என்று பெயர். டிரம்பெட், கார்னெட், டிரம்போன் எதை வாசித்தாலும், வேகம் ஏற ஏற ஒரு கட்டத்தில் நாக்கு ஈடுகொடுக்க மறுக்கிறது. ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்ற கணக்கில் மெட்ரோனோம் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று தட்டிக் காட்டும் தாளக்கருவி) 100-இல் சுத்தமாக வந்த வரிசை, 115-ஐத் தொட்டதும் குழறுகிறது. அப்போது இரண்டு விதமான யோசனைகள் வரும். து-து-து என்று நுனிநாக்கால் மட்டும் அடிக்கும் சிங்கிள் டங்கிங்கையே இன்னும் வேகமாக்கு என்பார் ஒருவர். து-கு-து-கு என்று நாக்கின் நுனியும் பின்பகுதியும் மாறி மாறி அடிக்கும் டபுள் டங்கிங்குக்குப் போய்விடு என்பார் இன்னொருவர். இரண்டும் தேவைதான். ஆனால் பெரும்பாலானோருக்கு உண்மையில் குறைவாக இருப்பது வேறொன்று என்பது என் கருத்து. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

முதலில் சிங்கிள். மெட்ரோனோம் 120 என்றால் நொடிக்கு 8 அடி. பலருக்கும் எல்லை இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது; சிலருக்கு இயல்பாகவே 140 வரை போகும். அந்த எல்லைக்கு முன்பே ஒருவர் நின்றுவிடுகிறார் என்றால், நாக்கின் பலக்குறைவை விட வீண் வேலைதான் பெரும்பாலும் காரணம். தாடை ஒவ்வொரு அடிக்கும் ஆடும். நாக்கு தேவையைவிட அதிக தூரம் பின்வாங்கி வரும். எல்லாவற்றையும்விட மோசமாக, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இடையில் காற்று நின்று நின்று கிளம்பும். கண்ணாடி முன்னால் நின்று வாசித்தால் தாடை ஆடுவது உடனே தெரிந்துவிடும். காற்றுக்கு மருந்து எளிது: ஒரே ஸ்வரத்தை நீளமாகப் பிடித்து, அந்தக் காற்றை மாற்றாமலேயே நடுவில் நாக்கை மெல்லத் தொட்டுத் தொட்டு எடுப்பது.

பழகும் முறையிலும் இரண்டு கட்சி உண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று புள்ளியாக மெட்ரோனோமை ஏற்றுவது ஒன்று. எட்ட வேண்டிய வேகத்தையே வைத்துக்கொண்டு ஐந்தே ஐந்து ஸ்வரம் அடித்துவிட்டு ஓய்வெடுப்பது மற்றொன்று. நான் இரண்டாவதன் பக்கம். நீளமாக அடிக்கும்போது நாக்கு இறுகிப்போகிறது, அந்த இறுக்கமே பழக்கமாகிவிடுகிறது. குறுகிய வீச்சில் நாக்கு தளர்வாக இருந்தபடியே வேகத்தை உணர்கிறது. ஐந்து சுத்தமாக வந்தால் ஒன்பது, அப்புறம் பதினேழு.

டபுள் டங்கிங்கில் வேகம் இலவசமாகக் கிடைப்பது போலத் தோன்றும். வேலையை இரண்டு இடங்கள் பங்கிட்டுக்கொள்வதால் 150, 160 எல்லாம் எட்டும் தூரம்தான். ரோசினியின் 1829-ஆம் ஆண்டு 'வில்லியம் டெல்' ஓபராவின் முன்னிசையில் கடைசியில் வரும் குதிரைப் பாய்ச்சல் பகுதியை டிரம்பெட்காரர்கள் து-கு-து, து-கு-து என்று அடிப்பது இதனால்தான். மூன்று மூன்றாக வரும் ஸ்வரங்களுக்கு து-து-கு என்று டிரிபிள் இருக்கிறது. பிரெஞ்சு கார்னெட் மேதை ஆர்பன் 1864-இல் வெளியிட்ட பயிற்சி நூலில் டிரிபிளை முதலில் வைத்து, டபுளை அதற்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

டபுளின் பலவீனம் அந்த 'கு'. நாக்கின் பின்பகுதி மென்மையான அண்ணத்தில் மோதுவதால் அடி மழுங்கி, ஒன்றுவிட்டு ஒரு ஸ்வரம் நொண்டும். கு-கு-கு-கு என்று அதை மட்டும் தனியாகப் பழகாமல் இதற்கு விடிவில்லை. 'கு'வுக்குப் பதில் 'கி' என்று நினைத்தால் அடிபடும் இடம் முன்னால் நகர்ந்து கூர்மை கூடும்.

தமிழ் பேசும் நாக்குக்கு இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஆங்கிலப் புத்தகத்தில் tu என்ற அசையைப் பார்த்ததும் நாம் 'டூ' என்று படித்துவிடுகிறோம். 'ட'வுக்கு நுனி பின்னால் மடங்கி அண்ணத்துக்குப் போக வேண்டும். அது நீண்ட பயணம். ஆர்பன் எழுதியது பிரெஞ்சு ஒலி, அது பல்லை ஒட்டி வரும் நம் 'து'வுக்குத்தான் நெருக்கம். அதேபோல 'துகு துகு' என்று வேகமாகச் சொன்னால் 'மகுடம்' என்பதில் வருவது போல 'கு' மெலிந்துவிடும். ஆரம்பத்தில் 'துக்கு துக்கு' என்று வாயால் சொல்லிப் பார்த்தால் பின்நாக்கு எங்கே அடிக்கிறது என்று பிடிபடும்.

சரி, அந்த வேறொன்று. சிங்கிள் 116-இல் நின்றுவிடுகிறது. டபுளோ 135-க்கு மேல்தான் சீராக ஓடுகிறது. நடுவில் இருக்கும் வேகத்தில் ஒரு பாட்டு வந்தால் இரண்டுமே கைகொடுக்காது. இந்த இடைவெளியை மூட எல்லோரும் சிங்கிளை மேலே தள்ளப் பார்க்கிறார்கள். டபுளைக் கீழே இறக்குவது அதைவிடப் பலன் தருகிறது. 60-இல் து-கு அடிப்பது சலிப்பான வேலை, ஒவ்வொரு குறையும் பட்டவர்த்தனமாகக் கேட்கும். அதனாலேயே அது வேண்டும். டபுள் 90-இலேயே சிங்கிள் மாதிரி ஒலித்தால் எங்கே மாறுவது என்ற கவலையே போய்விடும். ஆகவே சிங்கிள் முழுமையடையும் வரை டபுளைத் தொடாதே என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. ஸ்வரத்தைச் சுத்தமாகத் தொடங்கத் தெரிந்தவுடனேயே இரண்டையும் சேர்த்துத் தொடங்கலாம்.

டிரம்போன்காரர்களுக்கு மூன்றாவதாக, டூ-டுல் என்ற அசைகளால் அடிக்கும் டூடுல் டங்கிங் இருக்கிறது. 'ல்' ஒலிக்கும்போது நாக்கின் ஓரங்கள் இறங்குவது போல, காற்று பக்கவாட்டில் நழுவும். ஜாஸ் கலைஞர் கார்ல் ஃபோன்டானா இதில் பேர்போனவர். வேகமான வரிகள் வழுக்கிக்கொண்டு போகும். மார்ச் (அணிவகுப்பு) இசைக்கு வேண்டிய வெட்டு அதில் வராது. டிரம்பெட் வாசிப்பவர் இதற்காக நேரம் செலவிட அவசரம் இல்லை.

எதைத் தேர்ந்தாலும் முதலில் ஒரு சோதனை. ஒரே ஸ்வரத்தில் 120 வரை அடிக்க முடிகிறது, ஸ்கேலில் மட்டும் கலைகிறது என்றால், அதே வரிசையை அதே வேகத்தில் நாக்கே இல்லாமல் ஸ்லர் செய்து வாசித்துப் பாருங்கள். அங்கேயும் தடுமாறினால் கோளாறு நாக்கில் இல்லை, வால்வை அழுத்தும் விரலில் இருக்கிறது. பயிற்சி நேரத்தை அங்கே செலவிடுங்கள்.