ஹட்டனில் வலைப்பந்து அணிக்கு ஜேர்சி அடிக்க ஒரு கடை

மலையகத்து ஹட்டன் டவுனில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடைகள் வேறும் உண்டு. பெண்பிள்ளைகளின் வலைப்பந்து அணிக்கு உடுப்பு வேண்டுமென்றால், ஒரு பெண் நடத்தும் இந்தச் சின்ன மாடிக் கடையைத்தான் சொல்வோம்.

பொதுவாகக் கடைகளில் பெண்பிள்ளை ஜேர்சி என்றால் ஆண்கள் அளவில் ஒரு ‘ஸ்மோல்’. தோளில் தொங்கும், இடுப்பில் இறுக்கும், பந்து பிடிக்கக் கை தூக்கினால் வயிறு தெரியும். பிள்ளை கூசிக்கொண்டு கையைப் பாதியில் இறக்கிவிடுவாள். மைதானத்தில் அதற்கும் சேர்த்துத்தான் ஏச்சு விழுகிறது. இங்கே அளவெடுப்பவர்கள் பெண்கள். உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் போட்ட கதவு இருக்கிறது. தோள், மார்பு, இடுப்பு எடுத்த பின், இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லி நீளம் பார்க்கிறார்கள். முதலில் ஒன்று மட்டும் தைத்து, பிள்ளை போட்டுக் குதித்துப் பார்த்த பிறகே மீதித் துணியில் கத்தரி படும்.

பாவாடைக்கு உள்ளே போடும் காற்சட்டை கறுப்பில்தான் தருகிறார்கள், மாதவிடாய் நாளில் பிள்ளை பயமில்லாமல் ஓட. விம்பிள்டன் டென்னிஸ் போட்டியிலேயே 2023இல்தான் முழு வெள்ளை உடுப்பு விதியைத் தளர்த்திக் கடும் நிற உள்காற்சட்டையை அனுமதித்தார்கள். கால் மூட வேண்டுமென்று அம்மா சொன்னால் அதே துணியில் லெகின்ஸும் தைத்துத் தருவார்கள்.

“முதலாளி எங்கே?” என்று உரிமையாளரிடமே கேட்கும் ஆட்கள் இன்னும் வருகிறார்கள். அவர் அளவு நாடாவைக் கையில் எடுத்து, “எத்தனை பிள்ளைகள்?” என்பார். பாதிக் காசு முன்பணம். மீதியைத் தேயிலைத் தோட்டத்தில் 10ஆம் திகதிச் சம்பளம் போட்ட பிறகு கொடுக்கலாம். பெற்றோரின் கணக்குத் தெரிந்து வைத்த ஏற்பாடு இது.

எழுத்து ஒட்டுவதில்தான் குறை. பொலியெஸ்டரில் சூடு கூடினால் துணிச் சாயம் வெள்ளை எழுத்தில் ஏறும். குறைந்தால் ஓரம் கிளம்பும். சிவப்பு ஜேர்சியில் இரண்டையும் பார்த்தோம். வாங்கும்போது ஒவ்வொரு எழுத்தின் மூலையையும் நகத்தால் தட்டிப் பாருங்கள். 24 மணித்தியாலம் கழித்து, உட்புறம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். மழைக்காலத்தில் லயத்து வீட்டு அடுப்புக்கு மேலே கொடியில் போடாதீர்கள். அந்தச் சூட்டில் பசை இளகிவிடும். ஆடும் இடத்தைக் காட்ட ஜேர்சிக்கு மேல் போடும் பிப்பில் எழுத்தின் உயரம் 150 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, அளந்தே எடுங்கள்.

பந்து 5ஆம் இலக்கம், 400 முதல் 450 கிராம்; கடையிலேயே தராசில் வைத்துக் காட்டுகிறார்கள். கொழும்பில் காற்றடித்த பந்து மலைக்கு வந்தால் வெளி அழுத்தம் குறைவதால் இறுகும், விடியற்காலைக் குளிரில் தளரும். ஆகவே மைதானத்தில் வைத்தே காற்றை அளக்க வேண்டும்.

சப்பாத்தில் சின்ன அளவுகள் சீக்கிரம் முடிந்துவிடுகின்றன. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் தையலும் பிந்தும், மூன்று கிழமைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்படியே கறுப்புக் காற்சட்டை இரண்டு கூடுதலாக எடுத்து டீச்சரின் பையில் போட்டு வையுங்கள்.