எல்.இ.டி பல்பு: ஏழெட்டு வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

எல்.இ.டி பல்பைக் குறைந்த விலையில் கொடுக்கும் மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015இல் வந்த பிறகு எல்.இ.டி விலை மளமளவென்று இறங்கியதே, அந்தச் சூட்டில் மாறியவர்கள் நாங்கள். வெளிச்சத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் 25,000 மணி நேரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஹாலில் திறந்த ஹோல்டரில் மாட்டியது இன்னும் எரிகிறது, வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் போட்டது மட்டும் ஒரு வருஷத்தைத் தாண்ட முக்குகிறது. போன பல்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மேல் தகட்டில் வெளிச்சம் தரும் மஞ்சள் புள்ளிகள் அத்தனையும் பளிச்சென்று இருந்தன, அடியில் அவற்றுக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் போர்டில் கெப்பாசிட்டர்தான் தலை உப்பிப் போயிருந்தது. சூடுதான் இதற்கு எமன். சில பல்புகளில் ஏதாவது ஒரு புள்ளியில் கரும்பொட்டு விழும், எல்லாம் வரிசையாகக் கோத்திருப்பதால் மொத்தமும் அணைந்துவிடும்.

நான் எதிர்பார்க்காத மிச்சம் சீரோ வாட்ஸ் பல்பில் வந்தது. பழைய குண்டு விளக்கு 12, 15 வாட்ஸ் வரை இழுக்கும், அதுவும் விடிய விடிய. இரண்டு மாத பில்லில் 9 யூனிட் வரை அதற்கே போகும். அரை வாட்ஸ் எல்.இ.டிக்கு அரை யூனிட் கூட வராது.

புகைக் கணக்கும் பார்த்துவிடலாம். இந்திய மின் தொகுப்பில் (கிரிட்) ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 700 கிராம் கரியமில வாயு, காரணம் நிலக்கரி. 60 வாட்ஸ் குண்டு பல்பு இருந்த இடத்தில் 9 வாட்ஸ் போட்டுத் தினம் 5 மணி நேரம் எரித்தால், இரண்டு மாதத்தில் 15 யூனிட் மிச்சம், 10 கிலோவுக்கு மேல் கரியமில வாயு குறையும். அதிலும் நாம் லைட் போடுவது சோலார் ஓய்ந்த பிறகு. ஆடிக் காற்று சமயத்தில் காற்றாலை கொஞ்சம் கைகொடுக்கும், மற்ற மாதங்களில் ராத்திரிக்கு அனல் மின் நிலையம்தான் பெரும்பாலும்.

அதற்காக பில் பாதியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் 100 யூனிட் இலவசம் போக மீதிக்குத்தான் காசு என்பதால், 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிற வீட்டுக்குத்தான் இந்தப் பதினைந்து யூனிட் பெரிய விஷயம், தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும். எங்கள் வீட்டில் இப்போது மின்சாரத்தைத் தின்பது 75 வாட்ஸ் பழைய ஃபேன்கள்தான், ராத்திரி பகல் பார்க்காமல் சுற்றுகின்றன. பெட்ரூமில் மட்டும் குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் ஒன்று மாட்டியிருக்கிறோம், 30 வாட்ஸ் பக்கம்தான், ஆனால் ரிமோட்டைத் தேடுவதே பிழைப்பாக இருக்கிறது. ஒரு முழுக் கோடை ஓடட்டும், அப்புறம் எழுதுகிறேன்.