விரல் நுனியா, லாக்டேட்டா?
செப்டிக் ஷாக்கில், அதாவது கிருமித் தொற்று முற்றி ரத்த அழுத்தம் சரியும் நிலையில், ரத்தம் திசுக்களுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க இரண்டு வழி. ஒன்று லாக்டேட், திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் பொருள். அதை அளக்க ஆய்வகமோ தனிக் கருவியோ வேண்டும். கல்லீரல் சோர்ந்தாலும் அந்த அளவு கூடும், இறங்குவதும் மெதுவாகத்தான். மற்றது விரல் நுனி, அதற்குச் செலவே இல்லை. கண்ணாடித் தகட்டால் 10 விநாடி அழுத்தி எடுத்தால், வெளிறிய இடம் 3 விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும்.

2019இல் வெளியான ஆண்ட்ரோமெடா-ஷாக் ஆய்வில் 424 நோயாளிகள். 28 நாளுக்குள் இறந்தவர்கள், விரல் நுனியைப் பார்த்துச் சிகிச்சை தந்த பக்கம் 34.9 சதவீதம், லாக்டேட்டைப் பார்த்துத் தந்த பக்கம் 43.4. வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை, சரி. ஆனாலும் ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போகும் ஆம்புலன்ஸில் என் ஓட்டு விரலுக்குத்தான். மார்கழிக் குளிரென்றால் மட்டும், முதலில் கையைச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.