பென்ஸா, பிஎம்டபிள்யூவா? எந்த வருஷத்து வண்டி என்று முதலில் சொல்லுங்கள்

இந்த இரண்டில் எது உசத்தி என்று யாராவது கேட்டால் நான் உடனே ஒரு பெயரைச் சொல்ல மாட்டேன். எந்த வருஷத்து வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்றுதான் திருப்பிக் கேட்பேன். 1985-ல் வந்த பென்ஸுக்கும் 2000-ல் வந்த பென்ஸுக்கும் உள்ள வித்தியாசம், பென்ஸுக்கும் பிஎம்டபிள்யூவுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது. சுற்றி வளைக்காமல் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை பென்ஸ், அதற்கப்புறம் பிஎம்டபிள்யூ. ஏன் என்று சொல்ல இரண்டின் கதையையும் கொஞ்சம் ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும்.

வயதில் போட்டியே கிடையாது. கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு மான்ஹைம் நகரிலிருந்து காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886 ஜனவரி 29. ஒரே சிலிண்டர், ஒரு குதிரைத்திறன்கூட இல்லை. யாரும் வாங்க முன்வராமல் அது கிடந்தபோது, 1888 ஆகஸ்ட்டில் அவர் மனைவி பெர்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில் இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டார். வழியில் எரிபொருள் வாங்கியது வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில், குழாய் அடைத்தபோது குத்தி எடுத்தது தொப்பி ஊசியால், பிரேக் தேய்ந்தபோது தோல் அடித்துக் கொடுத்தது ஒரு செருப்புத் தைப்பவர். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த நிறுவனத்தின் சரித்திரத்தில் மிகத் துணிச்சலான ஆள் அந்த அம்மாதான்.

அதே காலத்தில் கான்ஸ்டாட்டில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் தனியாக இன்ஜின் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் கார் வாங்கி விற்ற எமில் யெல்லினெக் என்ற வியாபாரி தன் மகள் மெர்சிடெஸின் பெயரை வைக்கச் சொன்னார். 1901-ல் வந்த 35 குதிரைத்திறன் மெர்சிடெஸ்தான் குதிரைவண்டிச் சாயலை விட்டு இன்றைய காரின் உருவத்துக்கு வந்த முதல் வண்டி. இரண்டு நிறுவனங்களும் 1926-ல் இணைந்தன. அப்போது பிஎம்டபிள்யூ ஒரு கார்கூடச் செய்ததில்லை.

பிஎம்டபிள்யூ பிறந்ததே விமான இன்ஜினுக்காக. 1919-ல் ஃப்ரான்ஸ் செனோ டீமர் என்ற விமானி அவர்களுடைய இன்ஜினில் 9,760 மீட்டர் உயரம் ஏறினார். ஆனால் போரில் தோற்ற ஜெர்மனி விமான இன்ஜின் செய்யக்கூடாது என்று வெர்சாய் ஒப்பந்தம் தடுத்துவிட, பிழைப்புக்கு வேறு வழி தேடி 1923-ல் ஆர்32 மோட்டார் சைக்கிள் செய்தார்கள். கார் வந்தது 1928-ல், ஐசனாக் ஊரில் ஒரு ஆலையை வாங்கியபோது. அதுவும் சொந்த வண்டி இல்லை, பிரிட்டனின் ஆஸ்டின் செவனை உரிமம் பெற்றுச் செய்த டிக்ஸி. முப்பதுகளில் வந்த 328 அருமையான ஸ்போர்ட்ஸ் கார் என்றாலும், கார் உலகத்தில் அவர்கள் மெர்சிடெஸுக்குப் பக்கத்தில் உட்கார இன்னும் வெகுகாலம் இருந்தது.

ஹிட்லர் காலத்தை இரண்டு பேருமே தாண்டிப் போக முடியாது. பெரிய மெர்சிடெஸ் 770 வண்டிகள் நாஜித் தலைவர்களின் ஊர்வலங்களில் நின்றன. 1944-ல் டைம்லர்-பென்ஸின் தொழிலாளர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்தவர்கள்: பிடித்துவரப்பட்ட பொதுமக்கள், போர்க் கைதிகள், வதைமுகாம்வாசிகள். பிஎம்டபிள்யூவின் ஆலாக் விமான இன்ஜின் ஆலைக்கு ஆட்கள் டாக்காவ் வதைமுகாமிலிருந்து வந்தார்கள். பின்னாளில் பிஎம்டபிள்யூவைக் காப்பாற்றிய குவாண்ட் குடும்பத்தின் தொழிற்சாலைகளிலும் இதே கதைதான். 2007-ல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் அதைக் கிளறிய பிறகே அந்தக் குடும்பம் வரலாற்றாய்வாளரை நியமித்து முழு ஆய்வுக்கு ஒப்புக்கொண்டது. இந்த விஷயத்தில் எந்தப் பக்கத்துக்கும் மதிப்பெண் கிடையாது.

போருக்குப் பின் பென்ஸ் சீக்கிரம் எழுந்து நின்றது. பிஎம்டபிள்யூவோ ஐசனாக் ஆலையைச் சோவியத் பக்கத்திடம் இழந்து, ஐம்பதுகளில் விசித்திரமான நிலைமையில் மாட்டிக்கொண்டது. ஒரு முனையில் பணக்காரர்களுக்கான பெரிய வி8 கார், மறுமுனையில் முன்பக்கம் முழுவதுமே கதவாகத் திறக்கும் முட்டை வடிவ இசெட்டா. நடுத்தர வர்க்கம் வாங்கக்கூடிய நடுத்தரமான கார் ஒன்றுகூட இல்லை. அழகு சொட்டும் 507 ஸ்போர்ட்ஸ் கார் சுமார் 250 வண்டிகளோடு நின்றுபோனது, ஒவ்வொன்றிலும் நஷ்டம்.

1959 டிசம்பர் 9-ம் தேதி மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம். டாய்ச்ச வங்கி வைத்த திட்டம் ஒன்றுதான்: பிஎம்டபிள்யூவை டைம்லர்-பென்ஸ் கைக்குக் கொடுத்துவிடுவது. அந்த வங்கியின் ஆட்கள் இரண்டு நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவிலும் இருந்தார்கள், சலுகைக்கு அன்றைய தேதியோடு கெடு. சிறு பங்குதாரர்களும் டீலர்களும் கொதித்துப்போய்ப் பல மணி நேரம் வாதாடினார்கள். அவர்கள் தரப்பில் பேசிய ஃப்ரீட்ரிக் மாதெர்ன் என்ற வழக்கறிஞர் கணக்குப் புத்தகத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்தார். புதிய 700 மாடலை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே வருஷத்தில் எழுதித் தள்ளி நஷ்டத்தைப் பெரிதாகக் காட்டியிருந்தார்கள். கணக்கைக் காரணம் காட்டிக் கூட்டத்தைத் தள்ளிவைக்கப் பத்து சதவீத வாக்கு போதும். அது கிடைத்தது, கெடு தாண்டியது, திட்டம் செத்தது. அதற்கப்புறம் ஹெர்பர்ட் குவாண்ட் தன் பணத்தை இறக்கினார். அவர் குடும்பத்துக்கு டைம்லர்-பென்ஸிலும் பெரிய பங்கு இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆடியின் முன்னோடியான ஆட்டோ யூனியனை 1958-லேயே டைம்லர்-பென்ஸ் வாங்கிவிட்டது, அறுபதுகளின் நடுவில்தான் ஃபோக்ஸ்வேகனுக்கு விற்றது. அந்த டிசம்பர் வாக்கெடுப்பு வேறு மாதிரிப் போயிருந்தால், இன்று நாம் சண்டை போடுகிற மூன்று பெயர்களும் ஒரே வீட்டுக்குள் போயிருக்கும்.

சாவை நேரில் பார்த்துவிட்டு வந்த நிறுவனம் என்பதால்தான் அறுபதுகளின் பிஎம்டபிள்யூ அவ்வளவு தெளிவாக இருந்தது என்று நினைக்கிறேன். 1961-ல் காட்டிய 1500 மாடல் நாலு கதவு வைத்த அடக்கமான கார்தான், ஆனால் ஓட்டுகிறவனுக்காகச் செய்தது. அதற்கு வடிவமைத்த நாலு சிலிண்டர் இன்ஜினின் வார்ப்பு எவ்வளவு உறுதியாக இருந்தது என்றால், இருபது வருஷம் கழித்து அதே வழிவந்த பிளாக்கில் டர்போவை மாட்டித்தான் 1983-ல் நெல்சன் பிகே ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்றார். டர்போ இன்ஜினில் வந்த முதல் ஓட்டுநர் உலகப் பட்டம் அது. வீட்டுக் காருக்காக வார்த்த இரும்பு அது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். 1975-ல் வந்த முதல் 3 சீரிஸில் டேஷ்போர்டின் நடுப்பகுதியையே ஓட்டுநர் பக்கம் சாய்த்து வைத்தார்கள்.

சரி, அதே எழுபதுகளில் பென்ஸ் என்ன செய்துகொண்டிருந்தது? உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதுவரை காரின் உடம்பு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பத்திரம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஆட்கள் உட்காரும் கூடு மட்டும் கெட்டியாக இருக்கட்டும், முன்னும் பின்னும் நசுங்கி மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளட்டும் என்று பேலா பாரென்யி ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே காப்புரிமை எடுத்து, 1959 மாடலில் அது நடைமுறைக்கு வந்தது. 1978-ல் போஷ் நிறுவனத்தோடு சேர்ந்து, தன் உச்ச மாடலான எஸ்-கிளாஸில், பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ். எண்பதுகளின் தொடக்கத்தில் ஏர்பேக். 1995-ல், வழுக்கும் காரை நிலைப்படுத்தும் இஎஸ்பி. இன்று நம் தெருவில் ஓடும் சாதாரண ஹேட்ச்பேக்கில் இதெல்லாம் இருக்கிறது என்றால், அதற்கு வழி போட்டது பென்ஸ். இந்தக் கணக்கில் பிஎம்டபிள்யூ பக்கத்திலேயே வர முடியாது, வாதமே வேண்டாம்.

அந்தக் காலத்து டபிள்யூ123 என்ற பென்ஸ் மாடலை ஒரு தடவை பானட் திறந்து பார்த்தால் புரியும். டீசல் மாடலில் சாவியை அணைத்தால் இன்ஜினை நிறுத்துவதுகூட மின்சாரம் இல்லை, வேக்குவம், அதாவது குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும் விசை. குழாய் எங்காவது கசிந்தால் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது பானட்டைத் திறந்து ஸ்டாப் என்று பொறித்த நெம்புகோலை விரலால் அழுத்தினால் நின்றுவிடும். பழுது வரும் என்று முன்கூட்டியே யோசித்து, வந்தால் சொந்தக்காரன் கையாலேயே சமாளிக்கட்டும் என்று வழியும் வைத்த பொறியாளர்கள். கிட்டத்தட்ட 27 லட்சம் வண்டிகள் போயின. அதற்கு முந்தைய தலைமுறை 240 டி ஒன்றைக் கிரேக்க டாக்ஸிக்காரர் ஒருவர் இன்ஜினை மாற்றி மாற்றிப் போட்டு 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, அது கடைசியில் ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்துக்குப் போனது. பென்ஸ் என்றாலே சாகாது என்ற பெயர் இந்த வண்டிகள் சம்பாதித்தது, விளம்பரம் சம்பாதித்தது அல்ல.

பிஎம்டபிள்யூ நேருக்கு நேர் சவால் விட்டது 1987-ல், 750ஐ வண்டியில் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினோடு. போருக்குப் பின் ஜெர்மன் காரில் அதுவே முதல் வி12. அடுத்த எஸ்-கிளாஸை அதற்குச் சளைக்காததாக ஆக்கப்போய், பென்ஸுக்குத் தாமதமும் செலவும் கைமீறின. 1991-ல் வந்த டபிள்யூ140-ல் இரட்டைக் கண்ணாடி ஜன்னல், தானாக இழுத்து மூடிக்கொள்ளும் கதவு, ரிவர்ஸ் போட்டால் பின் மூலைகளில் எழும்பும் சின்னக் கம்பிகள் என்று எல்லாம் இருந்தன. ஸில்ட் தீவுக்குக் கார் ஏற்றிப்போகும் ரயிலில் மட்டும் இடம் போதவில்லை, அவ்வளவு அகலம். ஜெர்மனியிலேயே கேலி கிளம்பியது. எனக்கென்னவோ, செலவைப் பார்க்காமல் பென்ஸ் செய்த கடைசிக் கார் அதுதான்.

அப்புறம் சரிவு. தொண்ணூறுகளின் முற்பகுதியில், டபிள்யூ123-க்கு அடுத்து வந்த டபிள்யூ124-லேயே இன்ஜின் ஒயரிங்கின் மேலுறை பொடிப்பொடியாக உதிரத் தொடங்கியது. 1995-ல் வந்த அடுத்த இ-கிளாஸில் துரு. 1997-ல் சின்ன ஏ-கிளாஸ் ஸ்வீடனில் திடீரெனத் திருப்பிப் பார்க்கும் சோதனையில் கவிழ்ந்து மானத்தை வாங்கியது. உடனே விற்பனையை நிறுத்தி எல்லா வண்டிக்கும் இஎஸ்பி போட்டுக் கொடுத்ததைப் பாராட்டத்தான் வேண்டும். 1998-ல் சுமார் 3,600 கோடி டாலர் மதிப்பில் அமெரிக்காவின் கிரைஸ்லரோடு சேர்ந்தார்கள், 2007-ல் பிரிந்தார்கள். நடுவில் 2005-ல் சுமார் 13 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. பிஎம்டபிள்யூவும் யோக்கியம் இல்லை, 1994-ல் பிரிட்டனின் ரோவரை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டு 2000-ல் பத்து பவுண்டுக்குத் தள்ளிவிட்டது. ஆனால் ரோவரிடம் இருந்த மினி காரை மட்டும் கையில் வைத்துக்கொண்டது, சொந்தக் கார்களின் தரத்தை அந்த நஷ்டம் பெரிதாகத் தொடவில்லை. எனக்கு முக்கியமான வித்தியாசம் இதுதான்.

பிஎம்டபிள்யூ ரசிகர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டாம். தொண்ணூறுகளின் பிஎம்டபிள்யூக்களில் கூலன்ட் டேங்க், வாட்டர் பம்ப் எல்லாம் பிளாஸ்டிக்கை நம்பியிருந்தன, நம் ஊர் சித்திரை வெயிலில் சிக்னலில் நிற்கும் வண்டிக்கு இது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. 2007-ல் வந்த என்47 டீசல் இன்ஜினில், வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை இன்ஜினின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். செயின் தேய்ந்தால் பெரும்பாலும் இன்ஜினையே இறக்க வேண்டும். என்63 வி8-ல் டர்போ இரண்டையும் இன்ஜினின் நடுக்குழியில் வைத்து, அந்தச் சூட்டில் சீல்கள் காய்ந்து ஆயிலைக் குடிக்க ஆரம்பித்தது. 2022-ல் சீட்டைச் சூடாக்க மாதச் சந்தா என்று சில நாடுகளில் ஆரம்பித்துத் திட்டு வாங்கி, மறு வருஷம் கைவிட்டார்கள். கட்டிய காசுக்குள் இருக்கும் பொருளுக்கு மறுபடி வாடகை கேட்பது அவமானம்.

டீசல் புகை விவகாரத்தில் பென்ஸின் தாய் நிறுவனமான டைம்லர் 2019-ல் ஜெர்மனியில் 87 கோடி யூரோ அபராதம் கட்டியது, அமெரிக்காவில் அடுத்த வருஷம் சுமார் 150 கோடி டாலர் சமரசம். புகை சுத்திகரிப்பில் போட்டி போடாமல் கூட்டுச் சேர்ந்ததற்காக ஐரோப்பிய ஆணையம் 2021-ல் பிஎம்டபிள்யூவுக்குச் சுமார் 37 கோடி யூரோ தீட்டியது. அதே கூட்டில் இருந்த டைம்லர் முதலில் போய் உண்மையைச் சொன்னதால் அந்த ஒரு வழக்கில் தப்பித்தது.

நம் பக்கத்து மதிப்பையும் சொல்ல வேண்டும். 1954-லிருந்து 1969 வரை டாடா இந்தியாவில் லாரி செய்தது டைம்லர்-பென்ஸ் கூட்டில். டாடா பென்ஸ் என்ற பெயர் பழைய லாரிக்காரர்கள் வாயில் நிலைத்துவிட்டது. காரைப் பார்க்காதவர்களுக்கும் அந்த நட்சத்திரத்தின் மேல் மரியாதை வந்தது அந்த வழியில்தான். பிஎம்டபிள்யூ வந்தது வெகு தாமதமாக, செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-ல் ஆலை திறந்து.

இன்றைக்கு யார் மேலே? உலக விற்பனையில் பிஎம்டபிள்யூ 2005-ல் முந்தியது, 2016-ல் பென்ஸ் மீட்டது, 2021-ல் மறுபடி இழந்தது. எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, யார் தன் சொல்லில் நிற்கிறார்கள் என்பது. 2022-ல் சி63 ஏஎம்ஜி என்ற தன் வேகக் காரிலிருந்து வி8-ஐ எடுத்துவிட்டு நாலு சிலிண்டர் ஹைப்ரிட் வைத்தது பென்ஸ். காகிதத்தில் 680 குதிரைத்திறன், பழைய ரசிகர்கள் பலருக்கு ஒப்பவே இல்லை. அதே நேரம் அதற்குப் போட்டியான பிஎம்டபிள்யூ எம்3-ல் வரிசை ஆறு சிலிண்டர் இருந்தது, கையால் கியர் போடும் வண்டிகூட சில நாடுகளில் கிடைத்தது. முன்பக்க கிரில்லின் அந்தப் பெரிய மூக்குத் துவாரங்கள் எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் கீழே இருக்கும் கார் பிஎம்டபிள்யூதான். பி58 ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினை டொயோட்டாவே தன் சூப்ராவுக்கு வாங்கிப் போட்டது என்றால் அதைவிடச் சான்றிதழ் தேவையில்லை.

பழைய வண்டியாக வாங்க நினைப்பவர்கள், பின் சீட்டில் சொகுசாகப் போவதுதான் நோக்கம் என்றால் நன்றாகப் பராமரித்த டபிள்யூ124-ஐத் தேடுங்கள், கடைசி வருஷங்களது என்றால் ஒயரிங் மாற்றியதற்கு பில் கேளுங்கள். தானே ஓட்டிக் களிக்க வேண்டும் என்றால் பி58 உள்ள பிஎம்டபிள்யூ. என்47 டீசல் மலிவாக வருகிறதென்று யாராவது ஆசை காட்டினால், காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, இன்ஜினின் பின்பக்கம் காதைக் கொடுங்கள். உலோகம் உரசுகிற சத்தம் கேட்டால் விலையைக்கூடப் பேசாமல் வந்துவிடுங்கள்.