"சுத்தமான இலவம் பஞ்சு" தலகணி வேண்ட முதல் இதை வாசியுங்கோ

வயசான அம்மா அப்பாவுக்குத் தலகணி வேண்ட நினைக்கிற யாழ்ப்பாணத்து ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ. நல்லூர்த் திருவிழா நேரம் வீதிக்கரையில போட்டிருந்த ஒரு கடையில, ஊர் இலவம் பஞ்சு எண்டு சொல்லி எங்களுக்குக் குப்பையை அடைச்சு வித்துப்போட்டினம்.

அம்மாவுக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம். ஒருக்களிச்சுத்தான் படுப்பா. அப்பிடிப் படுக்கிற ஆக்களுக்குத் தோளுக்கும் காதுக்கும் நடுவில இருக்கிற இடைவெளியைத் தலகணி நிரப்பவேணும், கழுத்து முதுகெலும்போட ஒரே நேரா நிக்கவேணும் எண்டு பிசியோதெரபி செய்யிற பிள்ளை விளங்கப்படுத்தினவ. அதோட யாழ்ப்பாணத்து வெக்கைக்குச் சூடு பிடிக்காததும் வேணும். அதாலதான் இலவம் பஞ்சு தேடினது.

கடைக்காரர் தலகணியின்ர நுனித் தையலைப் பிரிச்சு உள்ள இருந்து பஞ்சை இழுத்துக் காட்டினவர். நல்ல வழுவழுப்பான, லேசா மஞ்சள் பாய்ஞ்ச பஞ்சு. "அக்கா, ஒரு கலப்பும் இல்லை, கையில பிடிச்சுப் பாருங்கோ" எண்டார். தலகணி பாரமா இருக்கே எண்டு கேக்க, "இறுக்கி அடைச்சிருக்கு, அதுதான்" எண்டு சொன்னார். இந்தப் பதிலைக் கவனமா வைச்சிருங்கோ. இலவம் பஞ்சின்ர இழை உள்ள குழல், காத்துத்தான் நிறைஞ்சிருக்கும். என்னதான் இறுக்கி அடைச்சாலும் கல்லுப்போலக் கனக்காது.

சில நாளிலயே நடு தாழ்ந்து, மூலையெல்லாம் கட்டி கட்டியா வந்திட்டுது. அம்மாவுக்குக் காலமை எழும்பேக்க கழுத்துத் திருப்ப ஏலாது, கை விறைப்பு, இரவில இழுப்பு வேற. முற்றத்தில சாக்கை விரிச்சு முழுத் தையலையும் பிரிச்சுப் பாத்தனான். ரெண்டு நுனியிலயும் ஒவ்வொரு பிடி இலவம் பஞ்சு. நடுவில முழுக்கக் கலர் கலரா வெட்டுத் துணி, நொறுங்கின ஸ்பொஞ்ச் துண்டு, லேபிள் கழராத ஒரு ரீசேட்டின்ர கழுத்துப் பட்டி. ஈர நாத்தம் மூக்கில அடிச்சுது. இதிலதான் அம்மா முகத்தை வைச்சுப் படுத்திருக்கிறா எண்டு நினைக்க வயிறு எரிஞ்சுது.

திருப்பிக் குடுக்கப் போனால் தீர்த்தம் முடிஞ்சு கடையே இல்லை. பையில இருந்த நம்பருக்கு ஒருதரும் ஆன்சர் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின்ர 1977 எண்ட ரெலிபோன் நம்பருக்கு எடுக்க, பில்லும் கடை விலாசமும் கேட்டவை. பில் தரேல்ல, பிறகு எழுதித் தாறன் எண்டு அந்தாள் கடத்திவிட்டிட்டார். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி நாங்கள் கேட்டால் பில் தரவேண்டியது விக்கிற ஆளின்ர கடமை. சாமானை வேண்டி மூண்டு மாசத்துக்குள்ள முறைப்பாட்டை எழுத்தில குடுக்கவேணும். பில் தராத இடத்தில காசைக் குடுக்காதேங்கோ.

பஞ்சைச் சோதிக்கிறது லேசு. நுனியில வேண்டாம், நடுப்பக்கத் தையலைப் பிரிச்சு எடுக்கச் சொல்லுங்கோ. மாட்டன் எண்டால் அங்கயே விட்டிட்டு வாங்கோ. எடுத்ததில ஒரு சிட்டிகையைத் தண்ணியில போட்டால் இலவம் பஞ்சு ஊறாமல் மிதக்கும், அதில இயற்கையா ஒரு மெழுகுத்தன்மை இருக்கு. பொலியெஸ்டர் கலந்திருக்கோ எண்டு பாக்க, வீட்டுக்கு வெளியில ஒரு சின்னத் திரியை மட்டும் கொளுத்துங்கோ. இலவம் குப்பெண்டு பத்திச் சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியா இறுகும்.

நாங்கள் பிறகு மெத்தை தைக்கிற ஒரு ஐயாவிட்டப் போய், கண்ணுக்கு முன்னால அடைப்பிச்சம். அம்மாவைப் படுக்க வைச்சு உயரம் பாத்துக் கூட்டிக் குறைச்சுத் தந்தார். நிமிர்ந்து படுக்கிற ஆக்களுக்கு இதைவிடப் பதிவா இருக்கவேணும், குப்புறப் படுக்கிறவைக்கு மெல்லிசு காணும். ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தலகணியே வைக்காதேங்கோ. தூசியில இழுப்பு வாற ஆக்கள் ரப்பர் பால் லேடெக்ஸ் தலகணியையும் யோசிக்கலாம். அமத்திவிட்டால் உடன எழும்பும். மெமரி ஃபோம் எண்ட ஸ்பொஞ்ச் வகை மெல்ல எழும்பும், ஆனால் ஃபான் காத்து மட்டும் உள்ள அறையில சூடு பிடிக்கும்.

உந்த ஆக்கள் அடுத்த கோயில் திருவிழாவுக்கும் கடை போடுவினம். அவையிட்ட வேண்டி, கையில பில்லோ படமோ இருக்கிற ஆக்கள் எனக்கு அறிவியுங்கோ. சேர்ந்து எழுத்தில முறைப்பாடு குடுப்பம்.