ஏழு வருடமாக என் கையில் இருக்கும் .280 அக்லி: பரல் தங்கம், சேம்பர் தலையிடி

போன கிழமைதான் துவக்கு திருத்தத்தில் இருந்து திரும்பி வந்தது. அதே கிழமை எங்கட ஊர்த் தம்பி ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணை, உங்கட மாதிரி நானும் ஒரு பரல் சொல்லிச் செய்விப்பம் எண்டு நினைக்கிறன். என்ன சொல்லுறியள்?" அரை மணித்தியாலம் கதைத்தேன். கதைத்ததில் பாதி கோபம். கொஞ்சம் ஆறின பிறகு எழுதினால் அவருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று ஐந்து நாள் பொறுத்திருந்தேன். முழுக்க ஆறவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அவுஸ்திரேலியாவில் விக்ரோறியா மலைப்பக்கம் மரை (சாம்பர் மான்) வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இந்தத் துவக்கைப் பற்றி நீட்டி விளக்கத் தேவையில்லை. ரெமிங்டன் 700 அக்‌ஷன், 24 அங்குல ஸ்டெயின்லெஸ் பரல், உள்ளே வரிப்பள்ளம் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு முறுக்கு. 2018இல் பூட்டுவித்தது. 900 வெடிக்குக் கிட்ட வைத்தாயிற்று, அவ்வளவும் கராஜில் இருந்து நானே நிரப்பின ரவைகள்.

ஏன் இந்த .280 அக்லி, அதாவது .280 ரெமிங்டன் கோதைத் திருத்தி உருவாக்கின கலிபர், என்று எல்லோரும் கேட்கிறார்கள். இங்கே மரைக்கு .270க்குக் குறைந்த கலிபர் கூடாது, சன்னம் 130 கிரெயினுக்கு (சன்னத்தையும் மருந்தையும் நிறுக்கிற சிறிய அலகு) குறையக் கூடாது என்று சட்டம். நல்ல ஆண் மரை 200 கிலோவைத் தாண்டும். அந்த உடம்புக்கு 7 மி.மீ. கலிபரில் 160 கிரெயின் சன்னம் என் மனதுக்கு அளவானது. நான் போடுவது நொஸ்லர் பார்ட்டிஷன். 1948இல் இருந்து விற்கிறார்கள், இன்றைக்கும் அதைவிட நம்பிக்கையானது எனக்குக் கிடைக்கவில்லை. உள்ளே ஈயத்தை இரண்டாகப் பிரிக்கிற ஒரு குறுக்குச் சுவர் இருக்கிறது. முன்பாதி பட்டவுடன் விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். தோள் எலும்பில் பட்ட சன்னம் ஒன்றை மற்றப் பக்கத் தோலுக்குக் கீழே இருந்து எடுத்து வைத்திருக்கிறேன். முன்பக்கம் பூவாக விரிந்து, பின்பக்கம் பெட்டியில் இருந்து எடுத்தது போல அப்படியே இருக்கிறது.

இனிப் பரல். இதில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. 100 மீற்றரில் மூன்று வெடி வைத்து, அதன் மேல் ஒரு 5 சத நாணயத்தை வைத்தால் மூன்று துளையும் மறைந்துவிடும். ஒரு நாள் தற்செயலாக வந்த பலன் என்று நினைக்க வேண்டாம். குளிரிலும் வெயிலிலும், துடைத்த பரலிலும் துடைக்காத பரலிலும் அப்படித்தான். காலையில் குளிர்ந்த பரலில் வைக்கிற முதல் வெடி மற்ற இரண்டோடும் சேர்ந்தே விழும். மரைக்கு அந்த முதல் வெடிதான் கணக்கு. ஆகையால் இந்த ஒரு குணத்துக்காகவே கொடுத்த காசை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ரவை நிரப்புவதும் எனக்கு வேலையாகத் தெரிந்ததில்லை. அக்லி கோதை (மருந்தும் சன்னமும் இருக்கிற பித்தளைக் கூடு) முதன்முதல் உருவாக்குகிற விதம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரண .280 ரெமிங்டன் கோதில் மருந்தையும் சன்னத்தையும் போட்டு இந்தச் சேம்பருக்குள் (பரலின் பின்முனையில் ரவை உட்காருகிற குழி) வைத்துச் சுட வேண்டும். உள்ளே போகும்போது தோள் சரிவாக இருக்கும். வெளியே வரும்போது 40 பாகையில் கூராக நிமிர்ந்து நிற்கும். முதல் கோது சூட்டோடு உள்ளங்கையில் விழுந்தபோது அந்தத் தோள் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அது முல்லைத்தீவுப் பக்கத்துப் பெரியப்பாவின் ஞாபகம். பயிர்க் காவலுக்கு அவரிடம் ஓர் இடியன் துவக்கு இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் மருந்தை அளந்து போட்டு, தேங்காய்த் தும்பை மேலே அடைத்துக் கம்பியால் இடிப்பார். "முதல் வெடி பிழைச்சால் ரெண்டாவது இல்லை, தம்பி" என்பார். நான் AR என்ற எழுத்தோடு வருகிற மருந்தை, எங்களுக்குப் பக்கத்து மாநிலத்து முல்வாலாவில் செய்கிறதை, மின்தராசில் அளந்து போடுகிறேன். ஏ.ஆர். 2209 என்று எங்கள் கடையில் விற்கிற அதே மருந்துதான் அமெரிக்காவில் ஹொஜ்டன் எச் 4350 என்று போகிறது. தராசு மாறியிருக்கிறது, கையின் கவனம் மாறவில்லை.

இப்போது தலையிடிக்கு வருகிறேன்.

புதுக் கோதில் ஒரு பிரச்சினையும் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை சுட்ட பிறகு போல்ற்றை (சேம்பரைப் பின்னால் பூட்டித் திறக்கிற தண்டு) தூக்கும்போது முக்கால்வாசி இலேசாக வரும், உச்சியில் போய் நிற்கும், இன்னும் ஒரு தள்ளுத் தள்ளினால் "டிக்" என்று ஒரு சத்தத்தோடு விடும். நாலாம் தடவை தள்ளினால் போதாது, உள்ளங்கையின் அடியால் அடிக்க வேண்டும். ஏழு வருடத்தில் ஆறு வருடம் இந்த "டிக்" என்னோடு இருந்தது.

கேட்ட எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: மருந்து கூடிப்போச்சு, குறையுங்கோ. போல்ற் இறுகினால் முதலில் அழுத்தத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதனால் குறைத்தேன். ஒரு கிரெயின் குறைத்தேன், பிறகு இன்னும் ஒன்று. துளைகள் விரிந்தன, "டிக்" போகவில்லை. பிறைமர் (மருந்தைப் பற்றவைக்கிற சிறு மூடி) தட்டையாகவில்லை, கோதின் அடியில் ஒரு அடையாளமும் இல்லை. போல்ற்றைப் பூட்டுகிற காதுகளுக்குக் கிறீஸ் பூசினேன். சேம்பரை மினுக்கினேன். கோதின் கழுத்தைச் சூடாக்கி இளக்கினேன். அடியில் இருக்கிற நோவுக்குக் கழுத்தில் மருந்து போட்டதுதான் நடந்தது.

கடைசியில் மைக்குறோமீற்றர்தான் காட்டித் தந்தது. கோதின் அடியில் இருந்து அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மேலே, பித்தளை தடிப்பாக இருக்கிற இடத்தில் அளந்தேன். சுட்ட கோது 0.4702 அங்குலம். டைக்குள் (சுட்ட கோதைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவருகிற அச்சு) போட்டு இறுக்கி எடுத்த கோது 0.4700. வித்தியாசம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றில் கால் பங்கு கூட இல்லை. பரல் பூட்டினவர் துல்லியத்துக்காக மிக ஒடுக்கமான ரீமரால் (சேம்பரைக் குடைகிற கருவி) சேம்பரை வெட்டியிருக்கிறார். கடையில் வாங்குகிற டையோ அதைவிடச் சிறிதாகக் கோதை இறுக்காது. வெடிக்கும்போது பித்தளை சுவரோடு ஒட்டி விரிந்து, பிறகு கொஞ்சம் சுருங்கினால்தான் சுலபமாக வெளியே வரும். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிற குணத்தை இழக்கிறது. மூன்றாம் தடவை சுவரைப் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வருடம் போனது. அவர் ரீமரை எடுக்க முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: "நீங்கள் என்ன டை வைச்சிருக்கிறியள்?"

கோபத்துக்குக் காரணம் காசு இல்லை. போன வருடம் ஜூலையில் டார்கோப் பக்கம், நாலு மணித்தியாலம் ஓடிப் போய் இரண்டு நாள் நடந்தேன். இரண்டாம் நாள் பின்னேரம், ஓடைக்கு மறுகரையில், 180 மீற்றரில், ஓர் ஆண் மரை வாட்டில் மரங்களுக்குள் இருந்து வெளியே வந்து பக்கம் காட்டி நின்றது. வெடி வைத்த கணம் அது ஓர் அடி முன்னே எடுத்தது. சன்னம் விலாவுக்குப் பின்னால் பட்டது. அது என் பிழை. அதைச் சேம்பரின் தலையில் போட மாட்டேன். மரை திரும்பி இருபது மீற்றர் நடந்து, திரும்பவும் பக்கம் காட்டி நின்றது. இரண்டாவது வெடிக்கு எனக்கு நாலைந்து நொடி இருந்தது. போல்ற்றைத் தூக்கினேன். உச்சியில் நின்றது. தள்ளினேன், அசையவில்லை. துவக்கைத் தோளில் இருந்து இறக்கி உள்ளங்கையால் இரண்டு தரம் அடித்த பிறகுதான் விட்டது. ஸ்கோப்பைத் திரும்பக் கண்ணுக்குக் கொண்டுவந்தபோது மரை முட்பற்றைக்குள் போய்விட்டது.

சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்துக்கு மேல் வேட்டை கூடாது, விளக்கடித்தும் கூடாது. இரவு முழுக்கக் கூடாரத்துக்குள் விழித்துக்கொண்டு கிடந்தேன். காலையில் சிநேகிதர் ஒருவரின் நாயோடு போய்த் தேடினோம். 300 மீற்றர் கீழே, ஓடைக்கரையில், தலையைத் தண்ணீர்ப் பக்கம் வைத்துச் செத்துக் கிடந்தது. எவ்வளவு நேரம் உயிரோடு கிடந்தது என்று எனக்குத் தெரியாது. பின்தொடை இரண்டும் பழுதாகிவிட்டன. தோள் இறைச்சியும் முதுகு இறைச்சியும் மட்டும் தேறின. வீட்டில் வறுத்த தூள் போட்டுப் பிரட்டி வைத்தார்கள். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். எனக்கு அன்றைக்கு இறங்கவில்லை.

1860களில் இலங்கையில் இருந்தும் இந்தியாவில் இருந்தும் கொண்டுவந்து விட்ட மரைகளின் வம்சம் இது. வன்னியில் மரை இறைச்சியை வத்தலாகத் தின்று வளர்ந்த எனக்கு இந்த மிருகம் வேறு ஊர்ப் பிராணி இல்லை. அது அப்படிக் கிடந்து சாக வேண்டிய தேவை இருக்கவில்லை.

இந்த வருடம் வேறொருவரிடம் கொடுத்தேன். அவர் முதலில் கேட்டது, டையால் எடுத்த மூன்று கோது. அளந்து பார்த்து, பரலை ஒரு புரி பின்னுக்கு வெட்டி, அடியில் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு கூடின ரீமரால் திரும்பச் சேம்பர் போட்டார். பத்துக் கிழமை, 450 டொலர். சனிக்கிழமை சுட்டுப் பார்த்தேன். ஐந்து தரம் சுட்ட பழைய கோதுகள், முதலில் இருந்த முழு மருந்து. இரண்டு விரலால் போல்ற் எழும்புகிறது. 5 சத நாணயம் இன்னும் மூன்று துளையையும் மூடுகிறது. அந்த ஒடுக்கமான சேம்பர் எனக்கு ஒரு மில்லிமீற்றர் துல்லியம் கூடத் தந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. திரும்பவும் கோபம் வந்தது.

ஆகவே தம்பி, உங்களுக்கு என் மறுமொழி: வேண்டாம். கடையில் ஒரு .308 வாங்குங்கோ, 165 கிரெயின் ரவை மூன்று பெட்டி வாங்குங்கோ, காட்டுக்குப் போங்கோ. மரைக்கு அது தாராளம். இந்தப் பரலை நான் விற்க மாட்டேன், தேய்ந்தால் இதே ஆளிடம் இதே கலிபரில் இன்னொன்று பூட்டுவேன், அது வேறு கதை. உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன்.

இல்லை, கட்டாயம் செய்விப்பேன் என்று நின்றால், காசு கட்ட முன் உங்கள் டையை வாங்குங்கோ. அதே கலிபரில் ஆரும் சுட்ட கோது மூன்றை அந்த டையால் இறுக்கி எடுத்து, பரல் செய்பவரின் மேசையில் வையுங்கோ. அவர் அதை அளக்காமல் ஒதுக்கி வைத்தால் கோதைத் திரும்பப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கோ.