ஹார்டு பெட்டியா, சாஃப்ட் பேகா, ரேக்கே இல்லாத பேகா? அட்வென்ச்சர் பைக்குக்கு எதை மாட்டறது

பேக் வாங்கப் போறவங்க முதல்ல கேக்கறது "எத்தனை லிட்டர்?"னு தான். என்னைக் கேட்டா முதல்ல பாக்க வேண்டியது, பைக் சாயும்போது அந்த பேக் என்ன ஆகும், உங்க கால் என்ன ஆகும்ங்கறது. அட்வென்ச்சர் பைக்னா மண்ணுல ஒரு நாள் சாயத்தான் போகுது, அதனால இந்த மூணையும் அந்தக் கணக்குலயே பாக்கலாம்.

அலுமினியப் பெட்டில நல்ல விஷயங்கள் நிறையவே இருக்கு. பூட்டு போட்டுட்டு சாப்பிடப் போலாம், மழை உள்ள வராது, மூடியைத் திறந்தா எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கும், கழட்டி கீழ வச்சா உக்கார ஸ்டூலும் ஆச்சு. தார் ரோட்டுல, பின்னாடி ஆள் வச்சு, ராத்திரி ஊருக்குள்ள ரூம் போட்டுத் தங்கற பயணத்துக்கு நான் இதையே தான் சொல்லுவேன். ஆனா மண்ணுல இறங்கினதும் கதையே வேற. மணல்லயோ டயர் தடத்துலயோ பைக் தடுமாறும்போது நாம கால அனிச்சையா கீழ ஊன்றோம், பைக் முன்னாடி போயிட்டே இருக்கும், ஊன்ன கால் பின்னாடி போய் பெட்டிக்கு அடில சிக்கிக்கும். கணுக்கால், முழங்காலுக்குக் கீழ எலும்பு உடையறது இப்படித்தான். இதைத் தெரிஞ்சவங்க மண்ணுல கால ஊன்றதை விட்டுட்டு ஃபுட்பெக் (கால் வைக்கற கம்பி) மேலயே வச்சுப் பழகறாங்க, ஆனா அந்தப் பழக்கம் சீக்கிரம் வராது.

இன்னொன்னு, பெட்டி அடி வாங்கினா வளையும், வளைஞ்சா மூடி சரியா உக்காராது, அப்புறம் தண்ணி உள்ள வரும். அலுமினியத்தை ஒரு கல்லும் கட்டையும் வச்சுத் தட்டியாவது ஓரளவு நேராக்கிடலாம். பிளாஸ்டிக் பெட்டி சின்ன அடிக்கு வளைஞ்சு கொடுத்துத் திரும்ப வந்துடும், பெரிய அடில லாக் இருக்கற இடம் உடைஞ்சா பாதி வழில ஒன்னும் பண்ண முடியாது, கயிறு கட்டி ஓட்ட வேண்டியதுதான். ரெண்டுலயுமே அடியோட வேகம் ரேக் (பெட்டியை மாட்டற கம்பிச் சட்டம்) வழியா, சீட்டையும் பின்பக்கத்தையும் தாங்கற சப்ஃப்ரேமுக்குப் போகும், சப்ஃப்ரேம் போல்ட் போட்டதா இல்லாம மெயின் ஃப்ரேமோட வெல்ட் பண்ணதா இருந்தா செலவு பெருசு.

எடையையும் பாக்கணும். ரேக்கோட சேத்து ஒரு ஜோடி அலுமினியப் பெட்டி காலியாவே கிட்டத்தட்ட 15 கிலோ வரும். மேனுவல்ல போட்டிருக்கற அதிகபட்ச மொத்த எடையில இருந்து பைக்கோட கெர்ப் வெயிட்ட (பெட்ரோல், ஆயில் எல்லாம் சேத்த பைக் எடை) கழிச்சுப் பாருங்க. 180 கிலோ மிஞ்சுதுன்னு வைங்க, ஹெல்மெட், ஜாக்கெட்னு ரைடிங் கியரோட நீங்க 90, பின்னாடி உக்கார்றவங்க 65, மிச்சம் 25. அதுல 15 பெட்டிக்கே போனா சாமானுக்கு 10 கிலோ தான். நடுத்தர சைஸ் பைக் வச்சிருக்கறவங்க இந்தக் கணக்கைப் போடாம பெரிய பெட்டி மாட்டிட்டு, அப்புறம் பின் சஸ்பென்ஷன் அடிக்குதுன்னு வருத்தப்படறாங்க.

ரேக்ல மாட்டற சாஃப்ட் பேக் தான் பெரும்பாலான பேருக்கு சரியா வரும்ங்கறது என் கருத்து. கால் மேல விழுந்தா அமுங்கும், கிழிஞ்சா தடிமனான நூலும் ஊசியும் ஒரு ஒட்டும் போதும். துணில ரெண்டு வகை இருக்கு, வெல்ட் பண்ண பிவிசி தார்ப்பாய் மாதிரி இருக்கறது தானாவே தண்ணி புகாது, கார்டூராங்கற முரட்டு நைலான் துணின்னா உள்ள தனியா வாட்டர்ப்ரூஃப் பை இருக்கும். எனக்கு இந்த ரெண்டாவது பிடிக்கும், ஏன்னா சேறு புடிச்ச வெளிப் பை பைக்லயே கெடக்கும், உள் பையை மட்டும் உருவிட்டு ரூமுக்குப் போயிடலாம். வாயை ஜிப் இல்லாம ரோல் டாப்பா சுருட்டறதா பாத்து வாங்குங்க, தூசில ஜிப் தான் முதல்ல மக்கர் பண்ணும். குறைன்னா, கத்தி இருந்தா எவனும் அறுத்து எடுத்துடலாம், அப்புறம் தேடற பொருள் எப்பவும் அடில தான் கெடக்கும்.

ரேக்லெஸ் பேக் குதிரை லாடம் வடிவத்துல சீட் மேல உக்காந்து ரெண்டு பக்கமும் தொங்கும். ஜயன்ட் லூப், மோஸ்கோ மோட்டோங்கற ரெண்டு கம்பெனியும் இந்த வகைல பேர் எடுத்தவங்க, மோஸ்கோ மோட்டோவோட ரெக்லெஸ் 80ங்கற பேர்ல இருக்கற 80 லிட்டர் கணக்கு. ரேக் இல்லாததால ரொம்ப லேசு, எடை முன்னாடி தள்ளி உடம்போட ஒட்டி நிக்கும், மணல், சேறு, ஒத்தையடிப் பாதைக்கு இதை விட்டா வேற இல்ல. ஆனா பின்னாடி ஆள் உக்கார்ற பில்லியன் சீட்டை மறந்துடணும், சைலன்சர் சூடு பேகைத் தொடாம ஹீட் ஷீல்டு கட்டாயம் போடணும், பேக் உரசற பெயின்ட் மேல பிலிம் ஒட்டலேன்னா தூசியே உப்புத்தாள் மாதிரி தேச்சு எடுத்துடும்.

சீட்டுக்குப் பின்னாடி மேல மாட்டற டாப் பாக்ஸ்ல கனம் ஏத்தாதீங்க, அவ்வளவுதான். எடை பின் ஆக்சிலுக்கும் பின்னாடி போயி முன் சக்கரம் லேசாகிடும், வேகத்துல பைக் ஆட ஆரம்பிக்கும். ஸ்லீப்பிங் பேக், ஜாக்கெட் மாதிரி பஞ்சு எடை மட்டும் அங்க. டூல்ஸ், தண்ணி, ஸ்பேர் ட்யூப் எல்லாம் கீழ, முன்னாடி தள்ளி.

எது வாங்கினாலும் மாட்டற வேலைய அவசரப்படாம பண்ணுங்க. பேக்ல முழு சாமானையும் போட்டு, ராட்செட் ஸ்ட்ராப்பால பின் சஸ்பென்ஷனை கீழ இழுத்து முழுசா அமுக்கிப் பாருங்க, அந்த நிலைமைல டயருக்கும் பேகுக்கும் நடுவுல இடம் இருக்கணும், சைலன்சர்ல இருந்தும் நல்லா தள்ளி இருக்கணும். இண்டிகேட்டர் மறையுதான்னு பின்னாடி நின்னு பாருங்க. ஃபுட்பெக் மேல எழுந்து நின்னா குதிகால் பேக்ல இடிக்குதான்னும் பாருங்க, இடிச்சா ஆஃப்ரோட்ல நின்னு ஓட்டவே முடியாது. ஸ்ட்ராப்போட தொங்கற வாலை சுருட்டி வெல்க்ரோ போட்டுக் கட்டுங்க, அது செயின்லயோ பின் சக்கரத்துலயோ மாட்டினா வீல் லாக் ஆகிடும். ரேக் போல்ட்ல த்ரெட் லாக்கர் (போல்ட் தளராம இருக்க விடற பசை) விட்டு, மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சா லூஸ் ஆனது பார்த்ததுமே தெரியும். பின் சஸ்பென்ஷன் ஸ்ப்ரிங்கோட ப்ரீலோடு (முன்கூட்டியே இறுக்கற அளவு) ஏத்தி, டயர் காத்தை மேனுவல்ல லோடுக்குப் போட்டிருக்கற அளவுக்கு வைங்க. புதுசா கட்டின ஸ்ட்ராப் ஓட ஓட கொஞ்சம் தளரும், அதனால கிளம்பி அரை மணி நேரத்துல ஒரு தடவை நிறுத்தி எல்லாத்தையும் இழுத்துக் கட்டிட்டுப் போங்க.